கடைசிப் பக்கத்துப் பெயர்கள்: மாண்டேய குருமார் ஏடு பெயர்த்து எழுதிய கதை

புத்தகத்தைப் பிரித்ததும் பதிப்பகம், முகவரி, ஆண்டு, விலை என்று அச்சிட்டிருக்கும் பக்கத்தை நாம் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போய்விடுவோம். விஷயம் அங்கே இல்லை என்பது நம் எண்ணம். மாண்டேயர்களின் சமய ஏடுகளில் அந்தப் பக்கம் கடைசியில் வருகிறது, சில ஏடுகளில் பல பக்கங்களுக்கு நீள்கிறது. அவர்களுடைய பழைய வரலாற்றில் இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிடைத்தது. கல்வெட்டு வெட்டிய அரசர்கள் அவர்களுக்கு இல்லை, அரண்மனைக் குறிப்பேடுகளும் இல்லை. ஏட்டைப் பெயர்த்து எழுதிய குரு, தாம் யார், யாருடைய பிரதியைப் பார்த்து எழுதினார், அந்தப் பிரதிக்காரர் யாரைப் பார்த்து எழுதினார் என்று பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே போகிறார். அந்தப் பெயர் வரிசையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்குப் போய்ச் சேர்கிறோம்.

முதலில் மாண்டேயர் யார் என்று பார்த்துவிடலாம். டைகிரிஸும் யூப்ரடீஸும் சேரும் தென் ஈராக்கின் சதுப்பு நிலங்களிலும், எல்லைக்கு அப்பால் ஈரானின் குஜெஸ்தானிலும் வாழ்ந்து வந்த சிறு சமயத்தினர். படகு கட்டுவதும் வெள்ளி வேலையும் அவர்களுடைய பழைய தொழில்கள். மேற்காசியாவின் பழைய மொழியான அரமேயத்தின் கிழக்குக் கிளைகளில் ஒன்றான மாண்டேயம் அவர்களுடைய சமய மொழி. 'மண்டா' என்றால் அறிவு, ஞானம். ஞானமே விடுதலை தரும் என்ற பழங்காலத்து ஞானவாதச் சமயங்களில் இன்றுவரை உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். உயிர் ஒளி உலகத்திலிருந்து வந்து உடலில் அடைபட்டிருக்கிறது, உடல் விழுந்தபின் தடைகள் பலவற்றைத் தாண்டி அது வீடு திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கொள்கையின் நடுக்கம்பம்.

கிறிஸ்தவர்கள் திருமுழுக்கு யோவான் என்றும் முஸ்லிம்கள் யஹ்யா நபி என்றும் அறிந்திருப்பவரை மாண்டேயர் மிகவும் போற்றுகிறார்கள். ஆனால் அவரைத் தம் சமயத்தை நிறுவியவராகக் கொள்வதில்லை. ஆதாமிலிருந்தே தங்கள் சமயம் தொடங்குகிறது என்பார்கள். இயேசுவை அவர்கள் ஏற்பதில்லை. முழுக்கும் அவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை நடந்து முடிகிற காரியமில்லை. ஓடும் ஆற்றில் மீண்டும் மீண்டும் முழுக வேண்டும். அந்த ஓடும் நீருக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'யர்தனா', யோர்தான் ஆற்றின் பெயரேதான். டைகிரிஸ் யர்தனா, கரூன் ஆறு யர்தனா. போருக்குத் தப்பி ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்களுக்கு அங்கே சிட்னிக்கு அருகில் ஓடும் நெப்பியன் ஆறும் யர்தனாவாகிவிட்டது.

குர்ஆனில் யூதர், கிறிஸ்தவரோடு சேர்த்து ஸாபியீன்கள் என்று ஒரு கூட்டம் சொல்லப்படுகிறது. இஸ்லாமிய ஆட்சிக் காலத்தில் மாண்டேயர்கள் அந்தப் பெயரில் அறியப்பட்டார்கள். வேதம் உடையவர்கள் என்று காட்டிக்கொள்வது பாதுகாப்புக்கு வழி செய்த காலம் அது. இங்கே ஏட்டின் கதை தொடங்குகிறது.

கருவூலக் காப்பாளர்

மாண்டேய குருமாரில் படிநிலை உண்டு. முதல் படியில் தர்மிதா; இந்தச் சொல்லுக்குச் சீடர் என்று பொருள். அதற்கு மேல் கன்ஸிப்ரா, அதாவது கருவூலக் காப்பாளர். அவருக்கும் மேல் ரிஷாமா, மக்கள் தலைவர்; அந்த நிலையை எட்டியவர்கள் மிகச் சிலர். அவர்களுடைய பெரிய வேதநூலுக்குப் பெயர் கின்ஸா ரப்பா, 'பெருங்கருவூலம்'. கின்ஸாவும் கன்ஸிப்ராவும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். குரு என்பவர் எதைக் காப்பவர் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

கின்ஸாவைக் கையில் எடுத்தால் ஒரு விநோதம் தெரியும். அது வலது, இடது என்று இரண்டு பகுதிகளாக இருக்கிறது. ஒன்றுக்கொன்று தலைகீழாகக் கட்டப்பட்டிருக்கிறது. வலதைப் படித்து முடித்தவர் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பித்தான் இடதைப் படிக்க முடியும். வலது பகுதியில் படைப்பு, ஒளிக்கும் இருளுக்கும் நடந்த போர், அறவுரைகள். இடது பகுதி சிறியது. இறந்தவரின் உயிர் மேலேறிச் செல்வதைப் பற்றிய பாடல்களே அதில் பெரும்பாலும். இதைத் தவிர யஹ்யாவின் நூல், முழுக்குக்கும் இறுதிச் சடங்குக்கும் உரிய வழிபாட்டுப் பாடல்களின் தொகுப்பான கொலஸ்தா, குருமார் மட்டுமே பார்க்கத்தக்க சுருள்கள் என்று பல இருக்கின்றன.

எழுத்தும் அவர்களுக்குப் புனிதம்தான். அரமேய வரிசையின் 22 எழுத்துகளோடு ஒரு கூட்டெழுத்தைச் சேர்த்து, முதல் எழுத்தையே கடைசியில் மறுபடியும் வைத்து 24 ஆக்குகிறார்கள், நாளின் மணிகளுக்கு ஒன்று வீதம். அந்த முதல் எழுத்து 'அ', பார்வைக்கு ஒரு சிறு வட்டம். தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிற வரிசை. உறவு மொழிகளின் எழுத்துமுறைகளில் உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுவார்கள், படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். மாண்டேயத்தில் உயிரொலிக்கும் முழு எழுத்தே போட்டுவிடுகிறார்கள். சடங்கில் வாய்விட்டுச் சொல்லவேண்டிய நூல்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது, எழுத்து வடிவம் மட்டும் மிஞ்சி ஒலி தொலைந்துபோன மொழிகளோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்.

ஏன் எழுதினார்கள்?

பழைய பிரதி மட்கிவிடும், புதிதாக ஒன்று வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொதுவான காரணம். நாணல் வளரும் ஈரமான சதுப்பு நிலத்தில் அதற்கு இன்னும் அவசரம் அதிகம். ஆனால் மாண்டேய குருவைக் கேட்டால் அதை முதற் காரணமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

சடங்கில் ஒரு வாசகம் பிசகினால் சடங்கே பழுதாகிவிடும். முழுக்குக் கொடுக்கும்போது எந்தப் பாடலுக்குப் பின் எந்தப் பாடல், எப்போது தலைப்பாகைத் துணியைத் தொட வேண்டும், எப்போது மிர்ட்டில் இலைச் சிறு மாலையை வைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. 'ஆயிரத்துப் பன்னிரண்டு கேள்விகள்' என்ற குருமார் நூல் பக்கம் பக்கமாக இதையே பேசுகிறது: இன்ன பிழை நேர்ந்தால் இன்ன விளைவு, குரு எத்தனை முழுக்கு எடுத்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று. இப்படி ஒரு மரபில் ஏட்டில் விழும் ஒரு பிழை வெறும் எழுத்துப் பிழையாக நின்றுவிடாது, நாளை யாருடைய உயிரோ வழியில் தடுமாறக் காரணமாகிவிடும்.

அடுத்தது புண்ணியம். பெயர்த்து எழுதுவது பாவம் தீர்க்கும் செயல். எழுதுபவரின் பெயர், எழுதச் சொன்னவரின் பெயர், அவர்களுடைய பெற்றோர், மனைவி மக்கள் பெயர்கள் எல்லாம் இறுதிக் குறிப்பில் ஏறுகின்றன. சடங்குக்கு உரிய பெயரில் தாயின் பெயரைச் சேர்த்துச் சொல்வது மாண்டேயர் வழக்கம். இன்னாள் மகன் இன்னார் என்றுதான் அந்த மனிதர் ஒளி உலகத்தில் அறியப்படுவார். ஆகவே இறுதிக் குறிப்பில் பெயர் எழுதுவதும் ஒரு வழிபாடு. நாம் அதை வரலாற்று ஆவணமாகப் படிப்பது நம் சௌகரியம்.

எழுதும் தோரணையும் கவனிக்கத்தக்கது. தம் பெயரைச் சொல்லும்போது எழுதியவர் தம்மை ஏழை, எளியவன், பாவி, குருமார் காலடித் தூசி என்று தாழ்த்திக்கொண்டே போவார். அடுத்த வரியில் ஆசிரியரின் பெயர் வந்ததும் பட்டங்கள் அடுக்கடுக்காக வந்து விழும்.

ஒரு குறிப்பைப் படிப்பது எப்படி

வடிவம் மட்டும் விளங்குவதற்காகப் பெயர்களை எடுத்துவிட்டுச் சொல்கிறேன். ஓர் இறுதிக் குறிப்பு ஏறக்குறைய இப்படி ஓடும்: "இதை எனக்காக நான் எழுதினேன், இன்னார் மகன் இன்னார். முதலாமவருடைய பிரதியிலிருந்து எழுதினேன். அவர் இரண்டாமவருடைய பிரதியிலிருந்து எழுதினார். இரண்டாமவர் தம் தந்தையாகிய மூன்றாமவரின் பிரதியிலிருந்து." இப்படியே பத்து, பதினைந்து, இருபது பெயர்கள். நடுவில் ஊர்ப் பெயர் வரும், மாதமும் கிழமையும் வரும், பிற்காலத்தவர் ஹிஜ்ரி ஆண்டும் போடுவார்கள். அவ்வப்போது மனக்குமுறலும் வந்துவிடும்: வெள்ளம், கொள்ளை, ஆளுநரின் கொடுமை, ஊர்விட்டு ஊர் ஓடியது.

பெரிய நூலில் பகுதிக்குப் பகுதி இப்படி ஒரு குறிப்பு இருக்கலாம். அடுத்து வருபவர் முன்னவரின் குறிப்பைத் தூக்கி எறிவதில்லை. அதையும் அப்படியே பெயர்த்து எழுதிவிட்டுத் தம்முடையதைச் சேர்க்கிறார். இந்த ஒரு பழக்கம்தான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. இன்று கையில் இருக்கும் மாண்டேயக் கையெழுத்து ஏடுகளில் பழையவை 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மூல ஏடுகள் போய்விட்டன. அவற்றை எழுதியவர்களின் குரல் மட்டும் பிரதிக்குள் பிரதியாகத் தங்கிவிட்டது.

இந்தக் குறிப்புகளை ஏடு ஏடாகத் தேடிப் படித்து வரிசைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தவர் யோருன் ஜேக்கப்சன் பக்லி என்ற சமயவியல் அறிஞர். 2005இல் அவர் வெளியிட்ட நூல் முழுவதும் இந்தப் பெயர்களைப் பற்றியதுதான். நூலகங்களில் இருந்த ஏடுகளோடு நில்லாமல், புலம்பெயர்ந்த மாண்டேயர்களின் வீடுகளில் இருந்த ஏடுகளையும் போய்ப் பார்த்தார். அவருக்கு முந்தைய அறிஞர்கள் பலர் பாடல்களை ஊன்றிப் படித்தார்கள், கடைசிப் பக்கத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. பாடலில் தத்துவம் இருக்கிறது, பெயர்ப் பட்டியலில் என்ன இருக்கப் போகிறது என்று நினைத்தார்கள் போலும்.

ஷ்லாமா, ஸாஸாய், ராமூயா

இடது கின்ஸாவின் வரிசையைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் அந்தக் கடைசியில் நிற்பவர் ஒரு பெண். ஷ்லாமா, கித்ராவின் மகள். தலைமுறைகளை எண்ணிப் பார்த்து அவர் காலம் ஏறக்குறைய கி.பி. 200 என்று பக்லி கணிக்கிறார். உயிரின் பயணத்தைப் பாடும் அந்தப் பாடல்களைப் பெயர்த்து எழுதியவர்களில் பெயர் தெரிந்த முதல் ஆள் அவர்தான். மாண்டேயரில் பெண்கள் குருவாக இருந்ததுண்டு என்பதை இந்த வரிசைகள் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றன, ஷ்லாமா தனித்த விதிவிலக்கு இல்லை. பிற்காலத்தில் அந்த வழக்கம் அருகிப்போனது.

அடுத்தவர் ஸாஸாய் த-கவாஸ்தா, ஹவாவின் மகன். ஹவா என்பது ஏவாளின் பெயர். கொலஸ்தாவின் பாடல்கள் பலவற்றின் வரிசை இவரிடம் போய் முடிகிறது. இவருடைய காலத்தைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் அதற்குக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

ஸாஸாய்க்குப் பல தலைமுறைகளுக்குப் பின் தீப் என்ற ஊரில் ராமூயா என்ற குரு கொலஸ்தாவைப் பெயர்த்து எழுதினார். தீப், இன்றைய ஈராக்கின் தென்கிழக்கில் குஜெஸ்தானை நோக்கிய பகுதியில் இருந்த ஊர். பழைய இறுதிக் குறிப்புகளில் அடிக்கடி தலைகாட்டும். ராமூயா தம் குறிப்பில் இரண்டு செய்திகளை விட்டுச் சென்றார். ஒன்று, தாம் எழுதிய காலம் அரபியர் முன்னேறி வந்த காலம், தங்கா மகன் அனூஷ் மக்கள் தலைவர்களோடு புறப்பட்டுப் போன காலம். இன்னொன்று, ஸாஸாயிடமிருந்து தம் காலம் வரை 368 ஆண்டுகள் ஆகின்றன என்ற கணக்கு. அரபுப் படைகள் ஈராக்கையும் குஜெஸ்தானையும் பிடித்தது 630களின் பிற்பகுதியிலும் 640 வாக்கிலும். 640இலிருந்து 368ஐக் கழித்தால் 272. ஸாஸாய் ஏடு எழுதிய காலம் அதுதான்.

272 என்றால் பாரசீகத்தில் சாசானியப் பேரரசு புதிதாக எழுந்திருந்த காலம். பாபிலோனிய மண்ணில் முழுக்கு எடுக்கும் ஒரு சமயக் குழுவில் வளர்ந்து பின் தனிச் சமயம் கண்ட மானி அப்போது உயிரோடு இருந்தார். ஜொராஸ்டிரியத் தலைமைக் குரு கர்தீர், யூதர், பௌத்தர், பிராமணர், கிறிஸ்தவர், மானியின் சீடர் என்று எல்லாரையும் ஒடுக்கியதாகக் கல்லில் வெட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டதும் அந்த நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அந்த இரைச்சலுக்கு நடுவே எங்கோ ஒரு குரு வரிசை தப்பாமல் பாடல்களைப் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

ராமூயா சொல்லும் அனூஷ் பற்றி மாண்டேயர்களிடம் ஒரு கதையும் உண்டு. புதிய அரபு ஆட்சியாளரிடம் போய்த் தங்கள் வேதநூலைக் காட்டி, தாங்களும் நூல் உடையவர்கள் என்று விளக்கிப் பாதுகாப்புப் பெற்றுவந்தவர் அவர்தான் என்கிறது கதை. உரையாடல் உள்ளபடி நடந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் அதே ஆண்டுகளில் தீப் ஊரில் ஒருவர் உட்கார்ந்து ஏடு எழுதிக்கொண்டு, அனூஷ் புறப்பட்டுப் போனதைப் போகிறபோக்கில் குறித்து வைத்திருக்கிறார். இப்படிப் போகிறபோக்கில் சொன்னதை நான் கூடுதலாக நம்புவேன்.

வரிசையை எழுதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதவும் இல்லை. கொலஸ்தாவின் ஒரு குறிப்பில் ஒரு குரு, தாம் ஊர் ஊராகப் போய்ப் பல ஏடுகளைப் பார்த்ததாகவும், இவ்வளவு நம்பத்தகுந்த பாடத்தை வேறெங்கும் காணவில்லை என்றும் சொல்கிறார். ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் வேலையை அந்தக் காலத்திலேயே செய்திருக்கிறார்கள்.

நம்பலாமா?

16ஆம் நூற்றாண்டு ஏட்டில் இருக்கும் 3ஆம் நூற்றாண்டுப் பெயரை எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானது. பழமைக்காகப் பெயரைச் சேர்த்திருக்கலாம், நடுவில் பெயர் விட்டுப்போயிருக்கலாம், தலைமுறைக்கு இத்தனை ஆண்டு என்ற கணக்கு ஊகம்தான். மாண்டேய நூல்கள் எல்லாம் இஸ்லாம் வந்தபின் வேதம் காட்ட வேண்டிய கட்டாயத்தில் தொகுத்தவை என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள்.

இதற்கு எதிராக மூன்று செய்திகளைச் சொல்லலாம். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு குடும்பங்கள் வைத்திருந்த ஏடுகளின் வரிசைகள் பின்னோக்கிப் போகப் போக ஒரே சில பெயர்களில் வந்து கூடுகின்றன. கிளைகள் அடிமரத்தில் சேர்வதைப் போல. அத்தனை பேரும் கூடிப் பேசி ஒரே பொய்யைச் சொல்வது கடினம். இரண்டாவது, எகிப்தில் கிடைத்த மானிக்கேய ஏடுகளில், அதாவது மானியின் சமயத்தார் ஏடுகளில், தோமாவின் சங்கீதங்கள் என்று ஒரு தொகுதி உண்டு. அது மாண்டேயப் பாடல்களை அடியொற்றியது என்று 1949இல் ஸ்வீடிஷ் அறிஞர் டோர்க்னி சேவ-சோடர்பெர்க் காட்டினார். அப்படியானால் மானியின் தொடக்க காலத்துச் சீடர்கள் கேட்கும்படி அந்தப் பாடல்கள் முன்பே இருந்திருக்க வேண்டும். மூன்றாவது மண்ணுக்கடியில் கிடைத்தது: மாண்டேய எழுத்து கீறிய ஈயத் தகடுகளும், பேயை அடைக்க வீட்டுத் தரையில் கவிழ்த்துப் புதைத்த மண் கிண்ணங்களும். அவற்றில் பல இஸ்லாத்துக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

ஷ்லாமாவின் ஆண்டைப் பற்றி நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஸாஸாயின் ஆண்டு கெட்டியானது, ராமூயா எண்ணைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

1831

இந்தச் சங்கிலி கிட்டத்தட்ட அறுந்தே போன தருணம் ஒன்றும் இருக்கிறது. 1831இல் பரவிய காலரா மாண்டேய குருமாரை ஏறக்குறைய முழுதாக வாரிக்கொண்டு போனது. ஒரு குருவைக் குருவாக்க இன்னொரு குரு வேண்டும். நாணலால் கட்டிய குடிலில் ஆசிரியரோடு ஏழு நாள் தங்கிப் பாடம் கேட்டு, அதன்பின் 60 நாள் தூய்மை காத்துத்தான் ஒருவர் தர்மிதா ஆகிறார். ஆசிரியரே இல்லாத ஊரில் யார் யாருக்கு முடி சூட்டுவது?

குரு குடும்பங்களில் பிறந்து, மாண்டேயம் படிக்கத் தெரிந்து, ஆனால் குருவாகாமல் இருந்த சிலர் பிழைத்திருந்தார்கள். அவர்களில் யஹ்யா பிஹ்ராம் என்ற இளைஞரும் அவருடைய மைத்துனர் ராம் ஸிஹ்ருனும் சேர்ந்து குருமரபை மீண்டும் தொடங்கினார்கள். நூல்கள் கையில் இருந்தன, வாசிக்கத் தெரிந்தது, அந்தத் துணிவில். அவர்களும் ஏடுகளைப் பெயர்த்து எழுதினார்கள். காலராவைப் பற்றியும் செத்தவர்களைப் பற்றியும் இறுதிக் குறிப்புகளில் எழுதி வைத்தார்கள். நமக்கு அந்தச் செய்தி தெரிவதே அதனால்தான். 1854இல் ஜெர்மன் அறிஞர் பீட்டர்மான், சூக் அல்-ஷுயூக் என்ற ஊருக்கு வந்து இதே யஹ்யா பிஹ்ராமிடம் மாண்டேயம் படித்தார். 1867இல் கின்ஸாவைப் பதிப்பித்து வெளியிட்டார்.

20ஆம் நூற்றாண்டில் ஈராக்கில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஆங்கிலேயப் பெண் எதெல் ஸ்டெஃபானா டிரவர், குருமாரோடு பழகி ஏடுகளைத் திரட்டினார். சிலவற்றை விலைக்கு வாங்கினார், சிலவற்றை குருமார் அவருக்காகவே பெயர்த்து எழுதிக் கொடுத்தார்கள். அவர் சேர்த்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏடுகளும் சுருள்களும் இப்போது ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. எழுதச் சொன்னவரின் பெயர் இறுதிக் குறிப்பில் ஏற வேண்டும் என்பது விதி. அயல்நாட்டார் என்பதற்காக விதியை மாற்ற முடியாது. ஸ்டெஃபானா என்ற கிரேக்கப் பெயருக்கு மாலை, முடி என்று பொருள். குருமார் தலையில் சூடும் மிர்ட்டில் மாலைக்கு மாண்டேயச் சொல் கிலிலா. தாயின் பெயரும் வேண்டுமே. ஆகவே அவருக்காக எழுதிய பிரதியின் கடைசிப் பக்கத்தில் அவர் இருப்பது இப்படி: கிலிலா, ஷூஷியானின் மகள்.